சுவரெல்லாம் ஓடும் ஒளி: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் கலை அருங்காட்சியகங்களில் இருக்கும் வீடியோ அறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். நான்கு சுவரிலும், சில இடங்களில் தரையிலும்கூட, இன்ன உருவம் என்று சொல்லமுடியாத நிறமும் கோடும் ஓடிக்கொண்டிருக்க நாம் நடுவில் நிற்போமே, அந்த அறைகள். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகள் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய இருட்டு அறை, சுவர் முழுக்கக் கலர் கலராக ஏதோ ஓடுகிறது. பத்து நிமிடம் நின்றேன். கதை இல்லை, ஆள் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. சுற்றி இருந்தவர்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எனக்கு ரசனை போதவில்லையா?

பத்து நிமிடம் நின்றிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு படைப்பின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக 27 வினாடிதான் என்று வந்தது. நீங்கள் அதைப்போல இருபது மடங்கு நின்றிருக்கிறீர்கள். ரசனையில் குறை ஒன்றும் இல்லை. ‘புரியவேண்டும்’ என்று காத்துக்கொண்டே நின்றதுதான் சிக்கல்.

ராக ஆலாபனையில் சொல்லே கிடையாது, ஆனாலும் இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் பாடகரைக் கேட்பதில்லை. அது ஏறுவதும் இறங்குவதும் ஒரு சுரத்தில் நின்று தயங்குவதும் நமக்குள் ஏதோ செய்கிறது, அது போதும் என்று இருக்கிறோம். கண் என்று வரும்போது மட்டும் நமக்கு அந்தப் பொறுமை வருவதில்லை. கண்ணைச் சின்ன வயதிலிருந்தே ‘அது என்ன, இது என்ன’ என்று பெயர் சொல்லப் பழக்கிவிட்டோம், பெயர் கிடைக்காத இடத்தில் அது தவித்துப்போகிறது.

எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. வாசலருகிலேயே மூன்று நிமிடம் நின்றுவிட்டு வெளியேறப் பார்த்தேன். அந்த அறைக்குக் காவலாக இருந்தவர் கையைக் காட்டி, நடுவில் நிற்காமல் எதிர் மூலையில் போய்த் தரையில் உட்காரச் சொன்னார். போய் உட்கார்ந்தேன். இடது சுவரில் ஒரு நீலம் மெதுவாக, தண்ணீர் ஊறுகிற வேகத்தில் நகர்ந்து வந்தது. சுவர்கள் சேரும் மூலைக்கு வந்ததும் அது மடங்கி, வலது சுவரில் ஏறும்போது கொஞ்சம் பச்சையாகிவிட்டிருந்தது. அது எந்த இடத்தில் பச்சையாகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும் என்று தோன்றியது, பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று சுற்றிலும் பிடிபடவில்லை. நான்காவது சுற்றில்தான் கவனித்தேன், நீலம் நகரும்போது நான் மூச்சை இழுக்கிறேன், மடங்கும்போது விடுகிறேன். யாரும் சொல்லித்தந்து நடந்ததல்ல அது. படம் சுவரில் மட்டும் நடந்துகொண்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காவலர் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர், அந்தப் படைப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கமாட்டார்.

ஆக, அடுத்த முறை போகும்போது எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரே ஒரு விளிம்பையோ ஒரே ஒரு நிறத்தையோ பிடித்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மோசமான படைப்புகளும் உண்டு.

கேள்வி: மோசமானவை உண்டு என்றால் நேராகவே கேட்கிறேன். இது பெரிய ஸ்க்ரீன்சேவர்தானே? அதையே பெரிய சுவரில் போட்டால் கலையாகிவிடுமா?

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ரெஃபிக் அனடோல் என்ற கலைஞரின் ‘அன்சூப்பர்வைஸ்டு’ என்ற படைப்பை வைத்தார்கள். 24 அடிக்கு 24 அடித் திரை. அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் 1,38,000-க்கும் மேற்பட்ட படைப்புகளின் தரவைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலைப் பழக்கி, அது கற்பனை செய்வதையெல்லாம் திரையில் ஓடவிட்டார். கூடத்தின் வெளிச்சம், ஆட்களின் நடமாட்டம், வெளியே இருக்கும் வானிலை எல்லாமே படத்தை மாற்றும். கூட்டம் அலைமோதியது, மறு ஆண்டே அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஸ்க்ரீன்சேவர் என்று அதைத் திட்டி எழுதிய விமர்சகரும் உண்டு.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். அந்தத் திட்டில் பாதி நியாயம் இருக்கிறது. அதில் எல்லாமே பொங்குகிறது, சுருள்கிறது, வழிகிறது, ஒரு நொடிகூட ஓய்வதில்லை. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே சுவரை இருட்டாக விடவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்ததன் தடம் எனக்கு அதில் குறைவாகத்தான் தெரிகிறது. ஜப்பானியக் கலைஞர் ரியோஜி இகேடா செய்வது இதற்கு நேர் எதிர். அவருடைய ‘டெஸ்ட் பேட்டர்ன்’ தொடரில் தரவு எல்லாம் கறுப்பு-வெள்ளைக் கோடுகளாக, பார்கோடு போல, தரையிலும் சுவரிலும் பாயும். நிறமே இல்லை, ஆனால் ஒவ்வொரு வெட்டும் கணக்கு. சட்டென்று அது நிற்கும்போது காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு மௌனம் கேட்கும்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அந்த அறையை எடுத்துவிட்டால் படைப்பில் என்ன மிஞ்சும்? போனில் பார்த்தாலும் அதே அனுபவம்தான் என்றால் அது ஸ்க்ரீன்சேவர், சந்தேகமே வேண்டாம். ஸ்விஸ் கலைஞர் பிபிலோட்டி ரிஸ்ட் 2008-ல் அதே அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் செய்த படைப்பின் தலைப்பிலேயே 7354 கன மீட்டர் என்று கூடத்தின் கொள்ளளவை எழுதிவைத்தார். அது அரூபப் படைப்பு அல்ல, மலரும் உடலும் வயலும் வரும். ஆனால் நடுவில் பெரிய வட்ட சோபா போட்டு, வந்தவர்களைச் சாய்ந்து படுக்கவைத்து, கூடம் முழுவதையும் படைப்பாக்கிவிட்டார். அறை வேண்டும் என்று கேட்கிற படம் அது.

கேள்வி: இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தபின் தொடங்கியதுதானே?

இல்லை. நூறு வருடத்துக்கும் மேலான கதை இது, எனக்கு மிகப் பிடித்த கதையும்கூட, கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

1921-ல் ஜெர்மனியில் வால்டர் ருட்மான் தன் முதல் அரூபத் திரைப்படத்தைக் காட்டினார். வண்ண வடிவங்கள் வளர்ந்து, மோதி, கரையும். அதற்கென்றே எழுதிய இசையைக் கலைஞர்கள் திரையருகே இருந்து வாசித்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1926-ல், ஆஸ்கர் ஃபிஷிங்கர் ஒரே நேரத்தில் பல புரொஜெக்டர்களை ஓடவிட்டு அரூபப் படங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். இன்றைக்கு நாம் நிற்கும் அறையின் மூதாதை அதுதான். 1950-களின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோர்டன் பெல்சனும் ஹென்றி ஜேக்கப்ஸும் ஒரு கோளரங்கத்தின் குவிமாடத்தையே திரையாக்கி, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து ஒளியும் ஒலியும் கலந்த நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். தலைக்கு மேலே, காதுக்குப் பின்னால், எல்லா இடத்திலும்.

இவர்களுக்கு நடுவே தாமஸ் வில்ஃப்ரெட் என்று ஒருவர். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போனவர். ஒளியே தனிக் கலை, அதற்கு இசையும் வேண்டாம் கதையும் வேண்டாம் என்று நம்பி அதற்கு ‘லூமியா’ என்று பெயர் வைத்தார். அவருடைய பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பல்பு, நிறம் பூசிய கண்ணாடித் தட்டு, வளைந்த உலோகப் பிரதிபலிப்பான்கள், அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்றும் மோட்டார், இவ்வளவுதான். முன்னால் இருக்கும் திரையில் புகை போலவும் பட்டுத்துணி போலவும் ஒளி மடிந்து விரியும். நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக 1963-64-ல் அவர் செய்த ‘லூமியா சூட், ஓபஸ் 158’ பல வருடம் அங்கே ஓடியது. அந்தச் சக்கரங்கள் எல்லாம் தொடங்கிய அதே நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 9 வருடம், 127 நாள், 18 மணி நேரம். யாரும் எதிரே உட்கார்ந்து அதை முழுதாகப் பார்த்து முடிக்க முடியாது, தெரிந்தேதான் செய்திருக்கிறார். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டார்கள், பழுதுபார்த்து 2017-ல் மறுபடி காட்டினார்கள். பத்து வினாடிக்கு ஒருமுறை எதையாவது மாற்றிக்காட்டி நம்மைப் பிடித்துவைக்கத் துடிக்கும் இன்றைய அறைகளில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டியின் நினைவு வந்துவிடும்.

வீடியோ என்று பார்த்தால் ‘நம் ஜூன் பைக்’ என்ற கொரியக் கலைஞர். 1963-ல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் டிவிப் பெட்டிகளின் உள்ளே கைவைத்து, படத்தைக் கெடுத்து, அந்தக் கெட்ட படத்தையே காட்சிக்கு வைத்தார். 1965-ல் ஒரு டிவியின் தலைமேல் பெரிய லாடக் காந்தத்தை வைத்தார். பழைய டிவியில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று திரையில் வரிவரியாக ஓடித்தான் படம் வரும். காந்தம் அந்தக் கற்றையை இழுத்து வளைத்ததும், ஒளிபரப்பாகும் படம் மறைந்து நீல நிறத்தில் ஒரு பூவைப்போல வளைவுகள் எழுந்தன. பார்க்க வந்தவர்கள் காந்தத்தை நகர்த்தலாம், பூவும் நகரும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை.

கேள்வி: ஒரு அறையில் வெறும் ஒளிக்கற்றைதான் இருந்தது, ஆனால் அறை முழுக்கப் புகை மாதிரி ஏதோ பரவியிருந்தது. எதற்கு அது? மூச்சுக்குக் கெடுதலா?

ஒளியை நாம் பக்கவாட்டிலிருந்து பார்க்கமுடியாது. அது எதிலாவது பட்டுச் சிதறினால்தான் கண்ணுக்கு வரும். காலையில் ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி மிதக்கும்போது மட்டும் அந்தக் கற்றை தெரிகிறதல்லவா, அதே கதைதான்.

இதை வைத்துத்தான் ஆந்தனி மெக்கால் என்ற கலைஞர் 1973-ல் 30 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். திரையில் ஒரு புள்ளி மெல்ல வளைந்து வட்டமாகும், அவ்வளவுதான் படம். ஆனால் பார்க்கவேண்டியது திரையை அல்ல. புரொஜெக்டரிலிருந்து வரும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு, அறையின் நடுவில் ஒரு பெரிய ஒளிக்கூம்பாக நிற்கும். உள்ளே கைவிடலாம், தலையை நுழைக்கலாம். நியூயார்க்கில் பழைய தொழிற்கூட மாடிகளில் போட்டுக் காட்டியபோது அங்கிருந்த தூசியும் பார்க்க வந்தவர்களின் சிகரெட் புகையும் கூம்பை நன்றாகக் காட்டின. ஸ்வீடனில் ஒரு கலைக்கூடத்தில் போட்டார். சுத்தமான காற்று, சிகரெட் கிடையாது, கூம்பையே காணோம். 70-களின் கடைசியில் இந்தக் கலையையே விட்டுவிட்டுச் சுமார் இருபது வருடம் வேறு வேலை பார்த்தார். மெல்லிய மூட்டம் உண்டாக்கும் இயந்திரமும் டிஜிட்டல் புரொஜெக்டரும் வந்தபின் திரும்பவும் தொடங்கினார், இன்னும் செய்துகொண்டிருக்கிறார்.

நீங்கள் பார்த்ததும் அப்படிப்பட்ட மூட்டமாகத்தான் இருக்கும், எதையும் எரித்து வரும் புகை அல்ல, திரவத்தை நுண்ணிய துளிகளாகத் தெளிப்பது. ஆனாலும் ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ளே போகுமுன் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எனக்கு உள்ளே போனதும் தலை சுற்றுகிறது. தம்பிக்கு வலிப்பு உண்டு, அவனைக் கூட்டிப்போகலாமா?

இரண்டும் வேறு வேறு விஷயம்.

தலைசுற்றல் ஏன் என்றால், பார்வையின் ஓரங்கள் வரை எல்லாமே நகரும்போது, நாமே நகர்கிறோம் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. உள்காதோ நீ நின்ற இடத்திலேயே நிற்கிறாய் என்கிறது. நின்றுகொண்டிருந்த ரயிலில், பக்கத்து ரயில் கிளம்பியதும் நம் ரயில் கிளம்பியதாகத் திடுக்கிடுவோமே, அதேதான். சுவரையொட்டி உட்காருங்கள், முதுகு சுவரில் படட்டும், நகராத ஏதாவது ஒன்றை, கதவு விளிம்பையோ உங்கள் முழங்காலையோ, சற்று நேரம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

வலிப்பு விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் ஒளி மின்னலால் வலிப்பு தூண்டப்படும். தம்பி அதில் உண்டா என்பது முதலில் தெரியவேண்டும். வினாடிக்கு மூன்றுக்கு மேல் அடிக்கும் மின்னல், அழுத்தமான சிவப்பு மின்னல், வேகமாக மாறும் கறுப்பு-வெள்ளைப் பட்டைகள், இவைதான் ஆபத்தானவை. மேலே சொன்ன இகேடா மாதிரியான அறைகள் அப்படிப்பட்டவருக்கு வேண்டவே வேண்டாம். வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டாலும் கேளுங்கள். உள்ளே திடீரென்று மின்ன ஆரம்பித்தால் கண்ணை மூடினால் போதாது, இமையைத் தாண்டி ஒளி உள்ளே போகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாகப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி வெளியே வரவேண்டும். இதைத் தம்பிக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

அனுமதி இருந்தால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். எல்.இ.டி. திரையை போன் கேமரா பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பட்டைகளும் அலைக்கோடுகளும் வந்து விழும், நிறமும் ஒத்துவராது. அதைவிட முக்கியம், இருட்டுக்குப் பழகிய பத்துப் பேரின் கண்ணை உங்கள் போன் வெளிச்சம் ஒரே நொடியில் கெடுத்துவிடும்.

கேள்வி: நான் மின்னணுவியல் மாணவன். இரண்டு புரொஜெக்டர் படங்கள் சேரும் இடத்தில் ஒட்டே தெரியவில்லையே, எப்படி?

ஒட்டு இருக்கிறது, மறைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் புரொஜெக்டர்களின் படங்களை விளிம்போடு விளிம்பாக வைக்கமாட்டார்கள், கொஞ்ச தூரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுவார்கள். ஏறின பகுதியில் இரண்டு மடங்கு வெளிச்சம் வருமல்லவா, அதனால் ஒன்றின் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து, மற்றதைப் படிப்படியாக ஏற்றுவார்கள். கூட்டினால் ஒரே அளவு. சுவர் கோணல் என்றால் படத்தையே அதற்கேற்ப வளைத்து அனுப்புவார்கள், இப்போது கேமரா வைத்துத் தானாகவே சரிசெய்யும் மென்பொருள் உண்டு. எல்லாப் புரொஜெக்டரும் ஒரே பிரேமை ஒரே நொடியில் காட்டவேண்டும், ஒன்று பிந்தினால் மூலையில் அசைவு முறிந்துவிடும்.

மறைக்க முடியாத ஒன்று கறுப்பு. புரொஜெக்டர் ‘கறுப்பு’ காட்டும்போதும் கொஞ்சம் ஒளி கசியும். இரண்டு படங்கள் ஏறும் இடத்தில் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். அடுத்த முறை படம் முழு இருட்டுக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள், மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு செங்குத்துப் பட்டை தெரியும். நல்ல கலைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டே வேலை செய்வார்கள், முழு இருட்டைச் சிக்கனமாகப் பயன்படுத்துவார்கள். எல்.இ.டி. திரையில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஆனால் கிட்டே போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். புரொஜெக்டர் அறையில் கிட்டே போனால் உங்கள் நிழல் விழும். எதை விரும்புகிறார் என்பதில் கலைஞரின் குணம் தெரிந்துவிடும்.

தரையில் கம்பளம் போட்டிருப்பது உட்கார மட்டுமல்ல, வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி எதிரொலித்துக் குழம்பாமல் இருக்கவும்தான்.

கேள்வி: ஓவியத்தை வாங்கினால் சுவரில் மாட்டலாம். இதை வாங்கும் அருங்காட்சியகம் எதை வாங்குகிறது? பென் டிரைவையா?

கோப்பு வரும், கலைஞர் கையெழுத்திட்ட சான்றிதழ் வரும், கூடவே ஒரு கட்டுக் குறிப்புகள் வரும். அந்தக் குறிப்புகள்தான் படைப்பின் உயிர். அறை எத்தனை மீட்டர், சுவர் என்ன நிறம், ஒலி எவ்வளவு, வாசலில் திரை தொங்கவேண்டுமா, உட்கார இருக்கை உண்டா, அறை சிறியதாக இருந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது. எண்ணிச் சில பிரதிகள்தான் விற்பார்கள்.

அப்புறம்தான் தலைவலி தொடங்கும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பைக்கின் 1995-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில் 336 டிவிகள் உண்டு. படக்குழாய் டிவி இனி யாரும் செய்வதில்லை. கெட்டுப்போனால் பழைய பெட்டியைத் தேடி அலைவதா, குழாயை எடுத்துவிட்டுத் தட்டைத் திரை வைப்பதா? தட்டைத் திரை வைத்தால் அது பைக்கின் படைப்பா? பிரிட்டனின் டேட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், சான் ஃபிரான்சிஸ்கோவின் நவீனக் கலை அருங்காட்சியகம் மூன்றும் சேர்ந்து இப்படிப்பட்ட படைப்புகளைக் காப்பதற்கென்றே பொது வழிமுறைகளை எழுதி எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கின்றன. என் கட்சி: கலைஞர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவாங்கிவிட வேண்டும், எது மாறலாம் எது மாறக்கூடாது என்று. வில்ஃப்ரெட்டின் பெட்டியைப் பழுதுபார்த்தவர்கள் பல்பு ஒன்றை மாற்றவே எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பல்பின் நிறம் கொஞ்சம் மாறினாலும் ஒன்பது வருட ஒளியும் மாறிவிடும்.

கேள்வி: புகழ்பெற்ற ஓவியர்களின் படங்களைச் சுவரெல்லாம் ஓடவிடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. பிள்ளைகளோடு போய்ப் பார்த்து மகிழலாம், தவறில்லை. ஆனால் அந்த ஓவியர் அந்த அறைக்காக எதையும் செய்யவில்லை.

கேள்வி: எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்? முதலிலிருந்து பார்க்கவேண்டுமா?

வாசலருகே இருக்கும் சிறு பலகையில் கால அளவு எழுதியிருப்பார்கள். 12 நிமிடம் என்றால் அது திரும்பத் திரும்ப ஓடும், எங்கே நுழைந்தாலும் நீங்கள் நுழைந்த இடம் மறுபடி வரும்வரை இருங்கள். கம்ப்யூட்டர் அந்தந்த நேரத்தில் உண்டாக்கும் படம் என்றால் முதலும் கிடையாது முடிவும் கிடையாது. கண் இருட்டுக்குப் பழகவே முதல் ஏழெட்டு நிமிடம் போய்விடும், அதற்குள் முடிவு கட்டாதீர்கள். என் வழக்கம், ஒரு சுற்று உட்கார்ந்து, ஒரு சுற்று நடந்து. வெளியே வந்ததும் உடனே அடுத்த அறைக்குள் நுழைந்துவிடாமல் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் வெறும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள், சற்று நேரத்துக்கு அது, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த நிறத்துக்கு எதிர்நிறச் சாயலில் கொஞ்சம் தெரியலாம்.